ஒலிக்காத எழுத்து

செவ்வாய்பேட்டையில் ஆடிப் பண்டிகை.
மைக்செட் சத்தத்தில்
கால்குலேட்டரே தப்பாகக் கூட்டுகிற நாள்.
முதலாளி குடும்பத்தோடு கோவிலில்.
குடோனில் தொண்ணூறு கிலோ மூட்டைகள்,
நான்,
ஒரு மின்விசிறி,
ஒரு மெயில்.

சாக்கு அனுப்பும் குழந்தைவேல், ராசிபுரம்.
பழைய வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறதாம்.
பாக்கியைக் கீழே உள்ள புதுக் கணக்கில்
நாலு மணிக்குள் போடவேண்டுமாம்.
ஆஸ்பத்திரியில் இருப்பதால் பேச முடியாதாம்.
சிரமத்துக்கு வருந்துகிறாராம்.
பாக்கித் தொகை மூன்று லட்சத்து நாற்பதாயிரம்,
ரூபாய் பிசகாமல் சரி.

ஐயோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
புதுக் கணக்கைச் சேர்த்தேன்.
ஓடிபி வந்தது.
ஆறு எண்ணில் நாலு அடித்தாயிற்று.

அப்போது கண்ணில் பட்டது
கடைசி வரியில் ஒரு 'ரிசீப்ட்'.

பதினொரு வருடமாகக் குழந்தைவேல்
அந்தச் சொல்லில் 'பி' போட்டதில்லை.
வாயில் வராத எழுத்துக்கு
ஏனுங்க மேடம் மை செலவு என்பார்.
இந்த மெயிலில் 'பி' இருந்தது.
கமா இருந்தது.
வருத்தம்கூட இலக்கண சுத்தமாக இருந்தது.

ஜவ்வரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்போம் நாங்கள்.
கிழங்குக்கு என்று ஒரு மங்கல் உண்டு.
பல்லைக் காட்டுகிற வெள்ளை என்றால்
மூட்டையைத் தொடமாட்டோம்.

விரலை எடுத்தேன்.
முகவரியைப் பெரிதாக்கினேன்.
குமரன் பேக்கிங்கில் 'எம்' நிற்கவேண்டிய இடத்தில்
ஆரும் என்னும்
ஒரே டிக்கெட்டில் ஏறிய இரண்டு பேர்போல
ஒட்டி உரசி நின்றன.

மெயிலில் இருந்த நம்பரை விட்டுவிட்டு
கம்பியில் குத்திய பழைய பில்லைத் தேடி
அதிலிருந்த நம்பரை அழைத்தேன்.

"ஆஸ்பத்திரியா? நானா?
பம்பு செட்டுல குளிச்சிட்டு நிக்கிறனுங்க."
தண்ணீர் விழுகிற சத்தம்.
பிறகு அவர் குரல் இறங்கியது.
"லீ பஜார் நூர்ஜஹான் அம்மா
உடம்பைப் பாத்துக்கங்கன்னு
காலைல மெசேஜ் போட்டிருந்தாங்க.
வேற யாருக்கோ வந்ததுன்னு விட்டுட்டேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன்.
கடை திறந்திருந்தது. அவள் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள்.
பதினோரு மணிக்கே அனுப்பிவிட்டாள்,
ஒன்று எண்பத்தைந்து.
சொன்னதும் நோட்டை மூடினாள்.
ஃபேனை நிறுத்தினாள், எதற்கென்று தெரியவில்லை.
"அண்ணனுக்குத் தெரிய வேணாம் காஞ்சனா.
எம்காம் படிச்சவ நீயான்னு கேப்பான்."

நாலு எண் நானும் அடித்தேன் என்றேன்.
அது அவளுக்குப் போதவில்லை.
என்றாலும் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை
அவள் போனிலேயே அழுத்தி
அவள் காதிலேயே வைத்தேன்.
தேதி, நேரம், பரிமாற்ற எண்.
அவள் சொல்லச் சொல்ல
தெருவில் தீச்சட்டி ஒன்று போயிற்று.
மெயிலை அழிக்கப் போனவளின் கையைப் பிடித்தேன்.
திருடன் விட்டுப்போன செருப்பு அது.

நாற்பதாயிரம் வழியில் நின்றது.
மிச்சம் அதற்குள்
எத்தனை கணக்கு மாறியதோ.
அண்ணன் கேட்கத்தான் கேட்டான்.
அவள் அழவில்லை, கத்தினாள்.

இன்று காலை ஏற்காட்டுப் பக்கம் மழை இருட்டு.
குழந்தைவேலிடமிருந்து மெயில்.
எல்லாம் பெரிய எழுத்து,
கமா கிடையாது,
'ரிசீப்ட்'டில் 'பி' கிடையாது.
அதே பழைய கணக்கு.

சிரித்தேன்.
பிறகு யோசித்தேன்,
அடுத்து வருகிறவன்
தப்பும் கற்றுக்கொண்டு வருவான் என்று.

கம்பியிலிருந்த பில்லை எடுத்து
போன் போட்டேன்.
"ஏனுங்க மேடம், என் மேல சந்தேகமா?"

உங்க மேல இல்லைங்க.
உடம்பு எப்படி இருக்கு?